செவுளைத் தூக்கிப் பார்க்கிறவர்

அவருடைய பெயர் எனக்குத் தெரியும். ஆனால் எழுதப் போவதில்லை. எழுதினால், இவள் என்ன நோக்கத்தில் எழுதினாள் என்று இப்போது கல்கரியில் மகள் வீட்டில் இருந்தபடியே சந்தேகப்படுவார். கல்கத்தா ஐயா என்றே எழுதுகிறேன். என் மனுசனிடமும் பிள்ளைகளிடமும் அவரைப் பற்றிச் சொன்னதெல்லாம் அந்தப் பெயரில்தான்.

அப்போது நான் டான்ஃபோர்த் வீதியில் ஒரு மீன்கடையில் வேலை செய்தேன். கடைக்காரர் வங்காளதேசத்து முஸ்லிம். எல்லோரும் அவரைப் பாய் என்று கூப்பிடுவார்கள், நானும் அப்படித்தான். ஐந்து நேரமும் தவறாமல் தொழுகிற மனுசன். நானோ திருநீறு பூசாமல் வீட்டுப்படி இறங்காதவள். கோயிலில் ஒரு அன்ரி, "திருநீறும் பூசிக்கொண்டு அங்கை போய் மீனோ வெட்டுறீர்?" என்று கேட்டா. "மீனுக்குப் பூசேல்லை அன்ரி, எனக்குத்தான் பூசினனான்" என்றேன். அதோடு அந்தக் கதை முடிந்தது.

வேலைக்குச் சேர்ந்த முதல் சனிக்கிழமையே ஐயா வந்தார். எழுபது வயதிருக்கும். மே மாதம் பிறந்து வெளியில் சனம் அரைக்கைச் சட்டையோடு திரிகிறது, இவர் கண்ணும் மூக்கும் மட்டும் தெரிகிற கம்பளித் தொப்பியோடு வந்து நின்றார். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீ வங்காளியோ?" என்று கேட்டார். அவர் பேசியது இங்கிலீசு. நான் எங்கட தமிழில் எழுதுகிறேன்.

இல்லை, இலங்கைத் தமிழ் என்றேன்.

"வங்காளம் விளங்குமோ?"

"ஒரு சொல்லும் விளங்காது."

"நல்லது. அப்ப என்ரை மீனை நீதான் வெட்ட வேணும். உவன் தொடக் கூடாது."

உவன் என்றது பாயை. பாய் பக்கத்தில்தான் நின்றார். சிரித்துக்கொண்டே கத்தியை என் பக்கம் தள்ளிவிட்டார். அன்றிலிருந்து அந்த இரண்டு வங்காளிகளுக்கும் நடுவில் நான் சாட்சிக்காரி ஆனேன்.

ஐயாவின் வீடு மில்லிக்கனில். அங்கே சுற்றிவர மீன்கடைகள் இருக்கின்றன. அதையெல்லாம் விட்டுவிட்டு ஸ்டீல்ஸ் பஸ்சும் பிறகு விக்டோரியா பார்க் பஸ்சும் பிடித்து, தான் துளியும் நம்பாத ஒரு கடைக்காரனிடம் ஒவ்வொரு சனிக்கிழமையும் வருவார். வாங்குவது ஒரே ஒரு மீன்தான். ஹில்சா என்பார்கள் இங்கிலீசில், அவர்களுக்கு இலிஷ். வெள்ளி போல மின்னும். முள்ளோ சொல்லி முடியாது. அந்த மீனைப் பற்றி அவர்கள் பேசுவதைக் கேட்டால் நாங்கள் நல்லூர்த் தேரைப் பற்றிப் பேசுவது போல இருக்கும்.

மீன் வருவது கப்பலில், கல்லுப் போல உறைந்து. அதைத் தட்டினால் மேசை அதிரும். ஐயா அதை இரண்டு கையாலும் தூக்கி, செவுளை நகத்தால் நெம்பிப் பார்த்து, மூக்கில் வைத்து மணப்பார். ஐஸ் கட்டியில் என்ன மணம் வரும்? ஆனாலும் கண்ணை மூடி மணப்பார். பிறகு வயிற்றை அமத்துவார், அது அமராது. பிறகு பெட்டியைக் கொண்டு வா என்பார். பெட்டியில் எந்த நாடு என்று அடித்திருக்கிறது, அந்த எழுத்து உண்மையில் அச்சடித்ததா, ஒட்டினதா என்று விரலால் சுரண்டுவார். பாய் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டு நிற்பார். கடைசியில் ஐயா என்னிடம் திரும்பி, இது நல்ல மீனோ என்று கேட்பார், நல்ல மீன்தான் என்பேன்.

சட்டைப் பையில் கொளுக்கித் தராசு ஒன்றும் வைத்திருப்பார். கடைத் தராசில் நிறுத்த மீனைத் தன் தராசில் திரும்ப நிறுப்பார். ஒருநாள் அவருடைய தராசில் மீன் கொஞ்சம் கூடக் காட்டியது. கடைக்குத்தான் நட்டம். மனுசன் சந்தோசப்படுவார் என்று பார்த்தால் முகம் கறுத்துப் போனது. "ஏன் உவன் எனக்குக் கூடத் தாறான்? மீனிலை என்ன பிழை?" என்று என்னிடம் மெல்லக் கேட்டார். அன்று அந்த மீனை வைத்துவிட்டு வேறு மீன் எடுத்தார்.

பாயும் லேசுப்பட்ட ஆள் இல்லை. கல்கத்தாக்காரர் மீன்குழம்புக்கும் சீனி போடுவார்கள் என்று எனக்குச் சொல்வார், ஐயாவுக்குக் கேட்கும்படி. கல்கத்தாவில் ஒரு வீட்டுக்குப் போனால், சாப்பிட்டுவிட்டு வந்தீர்களா, இல்லாவிட்டால் போய்ச் சாப்பிடுவீர்களா என்றுதான் கேட்பார்கள், இருந்து சாப்பிடச் சொல்ல மாட்டார்கள் என்பார். ஐயா அதற்கு, எல்லைக்கு அந்தப் பக்கத்தில் பேசுவது வங்காளமே இல்லை, தொண்டையில் முள்ளுச் சிக்கினவன் போடுகிற சத்தம் என்பார். வங்காளதேசத்துப் பத்மா ஆற்று மீன்தான் திறம் என்று பாய், கங்கை மீனுக்குக் கிட்ட வராது என்று ஐயா. ஆனால் ஐயா வாங்குவது பத்மா மீன்தான்.

கடையில் ரேடியோ பாடிக்கொண்டேயிருக்கும். சில பழைய வங்காளப் பாட்டுகள் வந்தால் பாய் செதிள் சுரண்டிக்கொண்டே முதல் வரியை முணுமுணுப்பார். மேசைக்கு இந்தப் பக்கம் ஐயா அடுத்த வரியை முணுமுணுப்பார். ஆளையாள் கண்டதும் இரண்டு பேரும் வாயை மூடிவிடுவார்கள். பாட்டு தன்பாட்டில் போகும். எனக்குச் சிரிப்பை அடக்கப் பெரும்பாடு.

அவர் ஏன் இப்படி என்று ஒரு மழை நாளில்தான் தெரிந்தது. வேலை முடிந்து நானும் அவரும் ஒரே பஸ் தரிப்பில் நின்றோம். இலங்கையில் எந்த இடம், எப்போது வந்தாய், ஏன் வந்தாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சொன்னேன். வீட்டைப் பூட்டித் திறப்பைக் கையோடு கொண்டு வந்தோம், பிறகு வீடே இல்லை என்றேன். அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, தன்னுடைய தகப்பனும் தாயும் கல்கத்தா ஆட்களே இல்லை என்றார். எல்லைக்கு அந்தப் பக்கம், பரிசால். நாட்டைப் பிரித்தபோது ஒரு பெட்டியோடு வந்தவர்கள். கல்கத்தாவில் ஆட்கள் அவர்களுடைய பேச்சைக் கேட்டுச் சிரிப்பார்களாம், வந்தான் வரத்தான் என்பார்களாம். அதனால் இவர் சின்ன வயதிலேயே கல்கத்தாப் பேச்சைப் பழகிக்கொண்டார். எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து வருகிற எதையும் இரண்டு தரம் திருப்பிப் பார்த்து வாங்கு என்று தகப்பன் சொல்லிச் சொல்லி வளர்த்தார்.

"பாயும் பரிசால்தானே" என்றேன்.

"தெரியும். அதுதான் உனக்குச் சொல்றன், உவனுக்குச் சொல்லிப் போடாதை. எங்கட ஊர் ஆள் எண்டு வந்து கட்டிப் பிடிப்பான். பிறகு நான் எப்பிடி அவன்ரை மீனைச் சந்தேகப்படுறது?"

நான் சொல்லவில்லை. முருகன் அறிய ஒருவரிடமும் சொல்லவில்லை.

தை மாதம் வந்தது. கடையில் இலிஷ் தட்டுப்பாடு. அடுத்த பெட்டிகள் வரப் பிந்தும் என்றார்கள். பாய் இருந்த மீன்களில் சிலதை முழுசாகவே சோடி சோடியாகப் பேப்பரில் சுற்றி யார் யாருக்கோ கொடுத்துக்கொண்டிருந்தார். ஏதோ கலியாண வீடுகளாக்கும் என்று நினைத்தேன். அந்தக் கடையில் எனக்கு அதுதான் முதல் குளிர்காலம்.

சனிக்கிழமை ஐயா வந்து, பாய் பின்னால் தொழப் போன நேரம் பார்த்து என் பக்கம் குனிந்தார். வருகிற வெள்ளிக்கிழமை காலை தனக்கு இரண்டு இலிஷ் வேண்டும். ஒரே அளவு, பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்க வேண்டும். எடுத்து ஒளித்து வை, அவனுக்குச் சொல்லாதே. எதற்கு என்று கேட்டேன். "அது உனக்கெதுக்கு?" என்றார். காரணம் சொல்லி எதையும் கேட்கிற வழக்கம் அவரிடம் இல்லை.

நான் நல்ல இரண்டு மீனைத் தெரிந்து வைத்தேன். வியாழக்கிழமை பின்னேரம் யோசித்தேன். பாவம், வயது போன மனுசன், இந்தக் குளிருக்குள் இரண்டு பஸ் பிடித்து வருகிறவரை வெட்டும்வரை காக்க வைப்பானேன்? இரண்டையும் மீன் அறுக்கிற மெசினில் கொடுத்து, அவருக்குப் பிடித்த மாதிரி ஒவ்வொன்றையும் பத்துத் துண்டாக அறுத்து, தலையை இரண்டாகப் பிளந்து, செதிள் எடுத்துக் கழுவி, பையில் போட்டுக் கட்டி வைத்தேன். மனதுக்குள் ஒரு பெருமையும் இருந்தது.

வெள்ளிக்கிழமை கடை திறந்ததும் வந்தார். கையில் ஒரு பித்தளைத் தட்டு, அதில் சிவப்புத் துணி. சட்டை புதுசு. நான் பையை எடுத்து மேசையில் வைத்தேன். பார்த்தார். கட்டை அவிழ்த்து உள்ளே பார்த்தார். செவுளைத் தேடவுமில்லை, மணக்கவுமில்லை. பக்கத்தில் கவிழ்ந்து கிடந்த பெட்டியில் இருந்துவிட்டார்.

அவர் ஏசியிருந்தால் எனக்குப் பயமில்லை. ஏசவில்லை.

பிறகு மெல்ல மெல்லச் சொன்னார். இன்று அவர்களுக்குச் சரஸ்வதி பூசை. பேத்திக்கு இன்று முதன்முதல் எழுத்துத் தொடக்குகிறார்கள். இந்த நாளில் ஒரு சோடி இலிஷ், தலை வால் செதிளோடு முழுசாக வீட்டுக்கு வர வேண்டும். நெற்றியில் மஞ்சளும் குங்குமமும் வைத்து, சங்கு ஊதி உள்ளே எடுப்பார்கள். பிறகுதான் கத்தி படலாம். அவர் சிலேட்டில் எழுதிய நாளில் அவருடைய தாய் அப்படிச் செய்தா. அவருடைய மகளுக்கு இங்கே எழுத்துத் தொடக்கியபோது இந்த ஊரில் இலிஷ் என்ற பேரே இல்லை. அம்மா அன்று அழுதா. மகள் பிறகு படித்து டொக்டராகவே வந்துவிட்டா, ஆனாலும் அம்மாவுக்கு அது கணக்கில்லை. சாகிற நேரம், அடுத்த பிள்ளைக்காவது சோடி மீன் கொண்டு வா என்று கையைப் பிடித்துக் கேட்டுவிட்டுப் போனா. பூசைக்குரிய பஞ்சமி பன்னிரண்டு மணியோடு முடிந்துவிடும், அதற்குள் பிள்ளை எழுத வேண்டும்.

"சரஸ்வதிக்கு மீனோ?" என்று என் வாய் முந்திவிட்டது. எங்கள் வீட்டில் நவராத்திரி ஒன்பது நாளும் முட்டை கூட உள்ளே வராது. அதே சரஸ்வதிதான், வீணையும் வெள்ளைத் தாமரையுமாக. அவவின் வீட்டுக்குப் போக வேண்டிய மீனை நான் இருபது துண்டாக அறுத்துப் போட்டேன். கடையில் வேறு இலிஷ் இல்லை.

பாய் எப்போது பின்னாலிருந்து வந்தார் என்று தெரியாது. தட்டையும் சிவப்புத் துணியையும் பார்த்தபடி நின்றார்.

"இண்டைக்குச் சோடி இலிஷ் கேட்டது நீங்களோ, தாதா?"

தாதா என்றால் அவர்களுக்கு அண்ணை. ஐயா நிமிரவில்லை.

"கல்கத்தாவின்ரை பழைய சனம் இந்த நாளிலை இதைத் தேடாது" என்றார் பாய். "இது எங்கட பக்கத்து இந்துச் சனத்தின்ரை வழக்கம். எங்கட பக்கத்து வீட்டிலை வருசா வருசம் பாத்தனான். இந்தக் கிழமை சோடி வாங்கினவை எல்லாரும் அங்கத்தை ஆக்கள்தான். நீங்கள் எவடம்?"

எங்கட சனமும் அப்படித்தான். ஊரில் எவடம் என்று கேட்டுத்தான் மற்றக் கதை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஒவ்வொருவருக்கும் ஒரு தயக்கம் இருக்கும். ஐயா என்னைப் பார்த்தார். நான் சொல்லவில்லை என்று தலையாட்டினேன். பிறகு அவர் வாயைத் திறந்தார். ஊரின் பெயரைச் சொன்னார் போலும். அதற்குப் பிறகு வந்த பேச்சு எனக்கு விளங்காவிட்டாலும், எட்டு மாதம் கேட்ட பேச்சு அது இல்லை என்று தெரிந்தது. இழுப்பு வேறு, வேகம் வேறு. பாயின் பேச்சு மாதிரியே இருந்தது.

பாய் உள்ளே போய், குளிர்பெட்டியிலிருந்து ஒரு தட்டத்தைத் தூக்கி வந்தார். அதில் இரண்டு பெரிய இலிஷ், உறைவு விட்டு, முழுசாக, ஒன்றைப் போல மற்றது.

ஐயா எழும்பினார். "பாத்தியோ பிள்ளை, நான் சொன்னனான்தானே? நல்ல மீனை உவன் தனக்கு ஒளிச்சு வைக்கிறவன்."

"ஓம் தாதா, ஒளிச்சுத்தான் வைச்சனான். என்ரை மனுசியின்ரை தமையன் இண்டைக்குச் சாப்பிட வாறார். அவர் கோழி தின்னட்டும்."

ஐயா ஒரு மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தார். மணந்தார். மற்றதையும் பார்த்தார். பாய் பொறுமையாக நின்றார்.

பஸ்ஸில் போனால் நேரம் காணாது என்று பாயே வானை எடுத்தார். செய்த பிழைக்குப் பிராயச்சித்தமாக நானும் ஏறிக்கொண்டேன். விக்டோரியா பார்க் வழியே ஸ்னோ கொட்டுகிறது. முன்னால் இரண்டு பேரும் ஓயாமல் கதைத்தார்கள். ஓர் ஆற்றின் இந்தக் கரை இவருடையது, அந்தக் கரை அவருடையது என்று மட்டும் எனக்குச் சொன்னார்கள். பத்து நிமிசத்தில் அதிலும் சண்டை. எந்தக் கரையில் வெள்ளம் கூட என்பதில்.

வீடு வந்ததும் பேச்சு நின்றது. பாய் மீன் தட்டத்தை வாசற்படியில் வைத்துவிட்டுத் திரும்பிப் போய் வானுக்குள் ஏறிவிட்டார். சங்குச் சத்தம் கேட்டது. ஐயாவின் மனைவி மீனுக்குக் குங்குமம் வைத்து உள்ளே எடுத்தா. மஞ்சள் சட்டை போட்ட சின்னப் பெண் சிலேட்டோடு ஓடித் திரிந்தது. புத்தகங்களைச் சரஸ்வதியின் காலடியில் அடுக்கியிருந்தார்கள், எங்கள் வீட்டைப் போலவே.

ஐயா என்னை ஒரு மூலைக்குக் கூப்பிட்டார். "அவன் வெளியிலை இருக்கிறான்."

"உள்ளை கூப்பிடுங்கோவன்."

"பூசை நடக்கிற வீட்டுக்குள்ளை அவன் வரமாட்டான். நான் கேட்டு அவன் மாட்டன் எண்டால் எனக்கு மரியாதையோ?"

நான் சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு வானுக்குப் போனேன். பாய் கண்ணாடியை இறக்கினார். உள்ளே வரலாம்தானே என்றேன். அவர் என்னைத் தீதி, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவார்.

"இல்லை தீதி. எங்கட ஊரிலை அந்தப் பக்கத்து வீட்டு அம்மா பூசை நாளிலை எங்களுக்கு அள்ளி அள்ளித் தருவா. நல்ல மனுசி. ஆனால் வாசலுக்கு வெளியிலை வைச்சுத்தான் தருவா. எனக்கு அது தெரியும். தாதாவைச் சங்கடப்படுத்தக் கூடாது."

திரும்ப உள்ளே போய்ச் சொன்னேன். ஐயாவின் முகம் என்னவோ போலானது. ஆனாலும், "அது அவன் சாட்டுக்குச் சொல்றான். அவன்ரை மார்க்கத்திலை விட மாட்டாங்கள். போய்க் கேட்டுப் பார்" என்றார். திரும்ப வெளியே வந்தேன். மூன்றாந்தரம் இரண்டுக்கும் நடுவில், வாகனப் பாதையில் நின்றபோது எனக்குப் பொறுக்கவில்லை. ஐயா கதவில் நிற்கிறார், பாய் வானில் இருக்கிறார்.

"உங்கள் ரெண்டு பேருக்கும் என்ன விசரோ?" என்று தமிழிலேயே கத்தினேன். "ஒராள் கேட்டால் வரமாட்டார் எண்டுறார், மற்றவர் கேட்கவே மாட்டினம் எண்டுறார். என்ரை சப்பாத்துக்குள்ளை முழுக்க ஸ்னோ. அங்கை பிள்ளை எழுதக் காத்துக்கொண்டு நிக்குது."

இரண்டு பேருக்கும் தமிழ் ஒரு சொல் தெரியாது. ஐயா வீட்டுச் செருப்போடு ஸ்னோவில் இறங்கி நடந்து போய் வானின் கதவைத் திறந்து பிடித்தார். வா என்று சொல்லவில்லை. கதவைப் பிடித்தபடி நின்றார், அவ்வளவுதான். பாய் இறங்கினார்.

பன்னிரண்டுக்கு இன்னும் கால் மணி இருந்தது. ஐயா பேத்தியின் கையைப் பிடித்துச் சிலேட்டில் முதல் எழுத்தை எழுதினார். பாய் சுவரோரமாக நின்றார், கும்பிடவில்லை. ஆனால் பிள்ளை எழுதிய எழுத்தை ஐயாவோடு சேர்ந்து அவரும் வாய்விட்டுச் சொன்னார். ஐயாவின் மனைவி மாமியாரை நினைத்து அழுதா, சிரித்தும் கொண்டா. நான் மனதுக்குள் சகலகலாவல்லியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவ பார்த்துக்கொள்வா.

பிறகு சாப்பாடு. மீனைச் சாமிக்குப் படைக்கவில்லை, புறம்பாகச் சமைத்தது, நீங்கள் யோசிக்காமல் சாப்பிடலாம் என்று அந்த அம்மா பாயிடம் தானாகவே சொன்னா. வயிற்றுத் துண்டாகப் பார்த்து இரண்டு தரம் போட்டா. எனக்கும் போட வந்தா. நான் கையால் தட்டை மூடி, எனக்குக் கிச்சடியும் கத்தரிக்காய்ப் பொரியலும் போதும் என்றேன்.

ஐயா முள் எடுப்பதை நிறுத்தினார். "ஏன், மீன் வேண்டாமோ?"

"இண்டைக்கு வெள்ளிக்கிழமை. நான் மச்சம் சாப்பிட மாட்டன்."

"வெள்ளி மட்டுமில்லை தாதா" என்றார் பாய் வாய் நிறைய மீனோடு. "செவ்வாயும் இல்லை. ஒரு மாதம் வந்தால் சனிக்கிழமையும் இல்லை. பிறகு ஆறு நாள் விரதம் ஒண்டு, அதிலை சோறும் இல்லை."

ஐயா மெதுவாகப் பாயின் பக்கம் திரும்பினார். "எட்டு மாதமா எனக்கு இந்த மீன் நல்ல மீன் எண்டு சொன்னது இவளோ?"

"இவள்தான்."

"இவள் ஒருநாளாவது இலிஷ் சாப்பிட்டதைக் கண்டனியோ?"

பாய் யோசித்தார். "நான் காணேல்லை."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். எட்டு மாதமாக ஐயா பெட்டியில் ஒட்டின எழுத்தைப் பார்த்த அதே பார்வை, இப்போது இரண்டு முகத்திலும். பிறகு பாய் வங்காளத்தில் ஏதோ சொன்னார். ஐயா அதற்கு மேலே ஒன்று சொன்னார். சொல்லி முடிக்க முதல் இரண்டு பேரும் சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். ஐயாவுக்குப் புரை ஏறியது. பாய் அவருடைய முதுகில் தட்டினார், தட்டிக்கொண்டே இன்னும் சிரித்தார். அந்த அம்மாவும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டா.

என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஐயாவைப் பார்த்தார்.

"ஒண்டுமில்லை பிள்ளை, நீ சாப்பிடு" என்றார் ஐயா. "அது எங்கட ஆக்களுக்குள்ளை ஒரு கதை."